திருவாலங்காட்டுச் செப்பேடும் கடாரத் தீவரசும்

ஸ்ரீவிஜயம் என்பது 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஏறக்குறைய 13ஆம் நூற்றாண்டு வரை சுமத்திராவை மையமாகக் கொண்டு மலாக்கா நீரிணையை ஆண்ட தீவரசு. தமிழ்க் கல்வெட்டுகளில் அது ஸ்ரீவிஜயம் என்றும் கடாரம் என்றும் கிடாரம் என்றும் வருகிறது. சீனர்கள் முதலில் ஷிலிஃபோஷி என்றும் பின்னர் சான்ஃபோச்சி என்றும் எழுதினார்கள். அரபு வணிகர்களுக்கு அது ஸாபக். பெயர்கள் இத்தனை இருந்தும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இப்படி ஓர் அரசு இருந்ததே உலகுக்கு மறந்துபோயிருந்தது. சுமத்திராவில் அதைப் பற்றிய கதைப்பாட்டு எதுவும் மிஞ்சவில்லை, அரச பரம்பரைப் பட்டியலும் இல்லை. அதன் வரலாற்றைப் பெரும்பாலும் அயலார் விட்டுச்சென்ற ஆவணங்களிலிருந்துதான் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அவற்றுள் சீன அரசுக் குறிப்புகளுக்கு அடுத்து முக்கியமானவை சோழர் ஆவணங்கள். அந்த ஆவணங்களில் ஒன்று இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் கிடைத்தது.

மறந்துபோன அரசைக் கண்டெடுத்த கதையே சுவையானது. சுமத்திராவை ஒட்டிய பங்கா தீவில் கோத்தா கபூர் என்ற இடத்தில் 1892இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. பழைய மலாய் மொழியில் எழுதப்பட்ட அதை 1913இல் வெளியிட்ட டச்சு அறிஞர் கெர்ன், அதில் வரும் ஸ்ரீவிஜயம் என்பது ஓர் அரசனின் பெயர் என்று கொண்டார். சென்னையில் கல்வெட்டுத் துறையினரும் தடுமாறிக்கொண்டுதான் இருந்தார்கள். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹுல்ட்ஸ் முதலில் கடாரத்தைப் பாண்டிநாட்டிலேயே தேடினார். பின்னர் வெங்கையா அதைப் பர்மாவின் பெகு என்றார். அங்கே நின்ற இரண்டு கற்றூண்களை ராஜேந்திர சோழன் நாட்டிய வெற்றித் தூண்கள் என்று நம்பியவர்களும் உண்டு. 1918இல் ழோர்ஜ் செதேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் கோத்தா கபூர் கல்வெட்டையும் தஞ்சைக் கல்வெட்டையும் நாகப்பட்டின விகாரைக்கு ஊர் கொடுத்த ஆனைமங்கலம் செப்பேட்டையும் சீனக் குறிப்புகளையும் ஒன்றாக வைத்துப் படித்தார். ஸ்ரீவிஜயம் ஆளின் பெயரன்று, நாட்டின் பெயர். அதன் தலைநகர் சுமத்திராவின் பாலெம்பாங் என்பது அவர் முடிவு. வரலாற்றாசிரியர்கள் நீலகண்ட சாஸ்திரியும் மஜும்தாரும் அதன்மேல் விரிவாக எழுதினார்கள். தமிழ் வாசகர்களில் பலர் ஸ்ரீவிஜயத்தைச் சாண்டில்யனின் கடல் புறா வழியாகவே அறிவார்கள். நாவலில் கோட்டையும் அரண்மனையுமாக நிறைந்து நிற்கும் அந்த நாட்டுக்கு நிலத்தின்மேல் கிடைத்த சான்றுகள் மிகக் குறைவு. பாலெம்பாங் முசி ஆற்றின் கரையில், கடலிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, சதுப்பு நிலத்தில் அமைந்த ஊர். மரத்தாலும் மூங்கிலாலும் கட்டிய வீடுகளும் மிதவை வீடுகளும் அங்கே நூற்றாண்டுகள் தாங்கி நிற்கவில்லை.

அரசின் தொடக்கத்துக்கு இரண்டு உறுதியான சான்றுகள் உண்டு. சீன பௌத்தத் துறவி யிஜிங் 671இல் கான்டனிலிருந்து கப்பலேறி 20 நாளுக்குள் ஷிலிஃபோஷி வந்திறங்கினார். ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பிக்குகள் அங்கே இருந்ததாகவும், இந்தியாவுக்குப் போகும் சீனத் துறவி முதலில் ஓரிரு ஆண்டுகள் அங்கே பயின்று போவது நல்லது என்றும் எழுதியிருக்கிறார். மற்றது பாலெம்பாங்குக்கு அருகே கெடுகான் புகிட்டில் கிடைத்த 683ஆம் ஆண்டுக் கல்வெட்டு. 20,000 பேர் கொண்ட படையுடன் புறப்பட்ட ஒரு தலைவன் வெற்றி பெற்றதை அது சொல்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் பங்காவிலும் ஜம்பியின் உட்பகுதியிலும் சுமத்திராவின் தென்கோடியிலும் இதே அரசின் சாபக் கல்வெட்டுகள் நாட்டப்பட்டன.

அந்தச் சாபக் கல்வெட்டுகள் இந்த அரசு இயங்கிய விதத்தைக் காட்டிவிடுகின்றன. பாலெம்பாங்கில் தெலாகா பத்து என்ற இடத்தில் கிடைத்த கல்லின் மேல் விளிம்பில் ஏழு பாம்புத் தலைகள் படமெடுத்து நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே எழுத்து. எழுத்துக்குக் கீழே நீர் வழிந்தோட ஒரு தூம்பு. கல்லின்மேல் ஊற்றிய நீர் எழுத்துகளின் மேல் வழிந்து தூம்பு வழியாக வெளியே வரும். அதைக் குடித்து அதிகாரிகள் சத்தியம் செய்தார்கள். துரோகம் நினைத்தால் குடித்த நீரே கொல்லும் என்பது சாபம். சத்தியம் செய்ய வேண்டியவர்கள் பட்டியலில் இளவரசர்களும் படைத்தலைவர்களும் மட்டுமல்ல, கப்பல் தலைவர்களும் வணிகர்களும் அரசனின் வண்ணார்களும்கூட இருக்கிறார்கள். வரி வாங்கவும் ஊர் அளக்கவும் சோழ அரசு வைத்திருந்ததைப் போன்ற அதிகாரிகள் கூட்டம் இங்கே தெரியவில்லை. ஆற்று முகங்களில் இருந்த துறைமுகத் தலைவர்களை ஆணையாலும் அச்சத்தாலும் லாபத்தில் பங்கு கொடுத்தும் கட்டிவைத்த அரசு இது.

லாபம் காற்றிலிருந்து வந்தது. இந்தியாவிலிருந்து கிழக்கே போகும் கலங்களுக்குத் தென்மேற்குக் காற்றும், திரும்புவதற்கு வடகிழக்குக் காற்றும் வேண்டும். சீனத்துக்குப் போவதற்கும் இதே கணக்கு. ஒரே பருவத்தில் தமிழகத்திலிருந்து சீனம் வரை போய்த் திரும்ப முடியாது. நடுவில் எங்காவது காற்று மாறும் வரை நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த இடம் மலாக்கா நீரிணை. யிஜிங் பதிவு செய்த வழித்தடத்தில் ஷிலிஃபோஷியிலிருந்து மலாயு 15 நாள், மலாயுவிலிருந்து கடாரம் 15 நாள். அவர் காலத்துத் துறவி ஒருவர் கடாரத்திலிருந்து 30 நாளில் நாகப்பட்டினம் சேர்ந்திருக்கிறார். காத்திருக்கும் இடத்தில் தண்ணீர், அரிசி, பண்டகசாலை, தரகர் எல்லாம் வேண்டும். சுமத்திராவின் கற்பூரம், சாம்பிராணி, மரப்பிசின்கள், பொன் ஆகியவை அங்கேயே கைமாறின. காத்திருக்காமல் போக நினைத்தவர்களுக்கும் வழி இல்லை. 1225இல் எழுதிய சீன சுங்க அதிகாரி ஜாவ் ருகுவா, துறைமுகத்துக்குள் வராமல் தாண்டிப் போகும் வணிகக் கப்பலை இவர்களின் படகுகள் சூழ்ந்து தாக்கும் என்கிறார். சுங்கச் சாவடிக்கும் கடற்கொள்ளைக்கும் நடுவில் கோடு போடுவது இங்கே கடினம். அரபு எழுத்தாளர் அபு ஸைத் 10ஆம் நூற்றாண்டில் கேட்டு எழுதிய கதை ஒன்றில், ஸாபக் மகாராஜா தினமும் ஒரு பொன் கட்டியை அரண்மனைக் குளத்தில் எறிவார். அவர் இறந்ததும் அவற்றை வாரிப் பகிர்ந்து கொடுப்பார்கள். கதை நம்பத்தக்கதன்று. ஆனால் அந்த அரசன் நிலமும் நெல்லும் உள்ளவனாகப் பேசப்படவில்லை, பொன் வைத்திருப்பவனாகவே பேசப்பட்டான் என்பதைக் காட்டுகிறது.

பௌத்தம் இந்த அரசுக்குப் பக்தியாகவும் வெளியுறவாகவும் இருந்தது. 9ஆம் நூற்றாண்டில் சுவர்ணத்தீவின், அதாவது சுமத்திராவின், அரசன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரை கட்டினான். அதற்கு வங்கத்தின் பால அரசன் தேவபாலன் ஐந்து ஊர்களைக் கொடுத்தான். 1003இல் ஸ்ரீவிஜய அரசன் சூளாமணிவர்மன் தன் நாட்டில் சீனப் பேரரசரின் நீண்ட ஆயுளுக்காக ஒரு பௌத்தக் கோயில் கட்டியிருப்பதாகச் சீன அரசவைக்குத் தூது அனுப்பினான். சில ஆண்டுகளில் அதே கை நாகப்பட்டினத்தில் தெரிகிறது. சூளாமணிவர்மன் பெயரில் தொடங்கி அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த சூளாமணிவர்ம விகாரைக்கு ராஜராஜ சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1006இல், ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்தப் பள்ளிக்கான கொடையாகக் கொடுத்தான். ராஜேந்திரனின் தொடக்க ஆண்டுகளில் ஸ்ரீவிஜய அரசனின் முகவர்கள் நாகப்பட்டினம் காயாரோகணர் கோயிலுக்கு விளக்கும் அணிகலனும் சீனப் பொன்னும் கொடுத்த கல்வெட்டுகள் உண்டு. பௌத்த அரசன் சிவன் கோயிலுக்குச் சீனப் பொன் கொடுப்பதில் வியக்க ஒன்றுமில்லை. அந்தத் துறைமுகத்தில் யாருடைய தயவு வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

இந்த நட்பு போராக மாறிய பின் எழுதப்பட்டது திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி. சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் வழியில், திருவள்ளூரைத் தாண்டி இருக்கும் ஊர் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையாரோடும் இறைவன் ஆடிய இரத்தின சபையோடும் சேர்த்துப் பேசப்படுவது. இங்கே 1905இல் கிடைத்த செப்பேட்டுத் தொகுதியில் 31 ஏடுகள். எல்லாவற்றையும் கோத்த வளையத்தில் புலியும் இரட்டைக் கயலும் வில்லும் பொறித்த ராஜேந்திரனின் இலச்சினை இருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் கிருஷ்ண சாஸ்திரி 1920இல் இதை வெளியிட்டார்.

தமிழ்ப் பகுதியின் விஷயம் உள்ளூர்ச் சங்கதி. ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1018 வாக்கில், பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டு மகாதேவர்க்குத் தேவதானமாகக் கொடுத்த ஆணை அது. அதுவரை பிரமதேயமாக, அதாவது பிராமணர் ஊராக, இருந்த பழையனூர் வெள்ளான் வகையாக, அதாவது வேளாளர் ஊராக, மாற்றப்பட்டுக் கோயிலுக்குச் சேர்ந்தது. அரசனின் திருவாய்மொழி ஓலையாகி, அதிகாரிகள் கையெழுத்திட்டு, நாட்டாரிடம் வந்து, அவர்கள் பிடி சூழ்ந்து, அதாவது பெண் யானையை எல்லையில் நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டிய முறை முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. எந்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கம், எந்த ஏரிக்கரைக்கு எந்தத் திசை என்று எல்லை ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் ஊரின் வரப்புகளுக்கு இத்தனை செம்பு செலவழித்த அரசு கடலுக்கு அப்பால் ஒரு பேரரசின் துறைமுகங்களைத் தாக்கியதற்கு எவ்வளவு இடம் ஒதுக்கியது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நாராயணன் என்ற கவிஞர் பாடிய வடமொழிப் பகுதி சூரிய குலத்தில் தொடங்கி, புறாவுக்காகத் தசை அரிந்த சிபி வழியாக வந்து, விசயாலயன் தஞ்சையைக் கொண்டதையும், ஆதித்தன் பல்லவன் அபராஜிதனைப் போரில் கொன்றதையும், சிறிய தந்தை உத்தமன் ஆள விரும்பும் வரை தனக்கு அரசு வேண்டாம் என்று அருள்மொழி, அதாவது ராஜராஜன், சொன்னதையும் விரிக்கிறது. கங்கைப் படையெடுப்புக்குப் பல சுலோகங்கள். கடாரத்துக்கு ஒன்றே ஒன்று: கடல் கடந்த படையால் கடாகத்தை வென்றான், நெடுங்காலம் உலகைக் காத்தான் என்ற அளவில் அது முடிந்துவிடுகிறது.

இந்த ஒரு சுலோகம் காலக்கணிப்பில் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. கொடை 1018இல், கடாரப் படையெடுப்பு 1025இல். ஆக, வடமொழிப் பகுதி கொடைக்குப் பல ஆண்டுகள் கழித்தே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆணை பிறந்த நாளுக்கும் செம்பில் ஏறிய நாளுக்கும் இடையில் இவ்வளவு இடைவெளி சோழர் நடைமுறையில் இருந்தது என்பதற்கு இந்த ஏடுகள் நல்ல சான்று. ஓலை அதிகாரம் உடையது. செப்பேடு அதன் ஆடம்பரப் பிரதி. செப்பேட்டின் ஆண்டை மட்டும் வைத்து அதில் உள்ள எல்லாச் செய்திகளுக்கும் காலம் சொல்வது தவறாகிவிடும்.

படையெடுப்பின் விவரம் அரசனின் வெற்றிகளைப் பாடும் தமிழ் மெய்க்கீர்த்தியில்தான் இருக்கிறது. தஞ்சைப் பெரியகோயிலில் உள்ள 19ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அதன் நன்கு அறியப்பட்ட வடிவம். பல கலங்களைக் கடலில் செலுத்தி, கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்து, அவன் யானைகளையும் குவித்து வைத்த செல்வத்தையும் போர்வாயிலில் இருந்த வித்தியாதரத் தோரணத்தையும் கவர்ந்ததாக அது சொல்கிறது. பிறகு ஊர்ப் பட்டியல். ஸ்ரீவிஜயம் முதலில், அடுத்து பண்ணை (சுமத்திராவின் கிழக்குக் கரை), மலையூர் (ஜம்பி ஆற்றுப் பகுதியின் மலாயு), இலங்காசோகம் (தாய்லாந்தின் பத்தானி அருகே இருந்த லங்காசுகம்), தலைத்தக்கோலம் (தக்குவாபா பக்கம்), மாதமாலிங்கம் (நக்கோன் சி தம்மராத்), இலாமுரிதேசம் (ஆச்சேயின் வடமுனை), மானக்கவாரம் (நிக்கோபார் தீவுகள்), கடைசியில் கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா). மாயிருடிங்கம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு ஆகியவற்றுக்கு ஆளுக்கோர் இடம் காட்டுகிறார்கள். ஒவ்வோர் ஊருக்கும் அகழி, மதில், மலைக்கோட்டை, தோட்டம் என்று ஓர் அடைமொழி உண்டு. மெய்க்கீர்த்திப் புலவன் அந்த ஊர்களைக் கண்டிருக்க மாட்டான். ஆனால் பெயர்கள் கற்பனையாக இருக்க முடியாத அளவுக்குச் சீன, அரபுக் குறிப்புகளோடு பொருந்துகின்றன. கடலோடிகளும் வணிகர்களும் சொன்ன பெயர்கள் அரண்மனை வரை வந்திருக்கின்றன.

படை ஏன் போனது என்பதற்கு மெய்க்கீர்த்தி விடை தரவில்லை. கொள்ளைப் பொருளுக்காக நடந்த தாக்குதல் என்பது வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஸ்பென்சரின் வாதம். நீரிணையில் சோழ நாட்டுக் கலங்களுக்கு இடையூறு செய்ததாலும், சீன வணிகத்தைத் தன் கைவழியே மட்டும் விட ஸ்ரீவிஜயம் முயன்றதாலும் என்பது மற்றவர்கள் கருத்து. பின்னதற்கே சான்று கூடுதல். ராஜராஜன் காலத்தில் புறப்பட்ட சோழத் தூது 1015இல் சீனம் சேர்ந்தது. அடுத்த பத்தாண்டில் போர் வந்தது. தாக்கப்பட்ட ஊர்களில் பெரும்பாலானவை துறைமுகங்கள். பிடித்த இடத்தில் சோழ அதிகாரியை வைத்து ஆண்டதற்கு ஒரு கல்வெட்டும் அத்தீவுகளில் இல்லை. 1028இலேயே சான்ஃபோச்சியிலிருந்து புதிய அரசன் பெயரில் சீனத்துக்குத் தூது போய்விட்டது. பள்ளிப் பாடப்புத்தகங்கள் சில வரைபடத்தில் சுமத்திராவையும் மலேயாவையும் சோழப் பேரரசின் நிறத்தில் தீட்டுவதுண்டு. ஆவணங்கள் அந்த நிறத்தை நியாயப்படுத்தவில்லை.

அடிபட்ட அரசு அழியவில்லை, இடம் மாறியது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மையம் பாலெம்பாங்கிலிருந்து ஜம்பிக்கு நகர்ந்தது; பத்தாங் ஹாரி ஆற்றங்கரையில் முவாரா ஜம்பியின் செங்கல் கோயில்கள் பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியிருக்கின்றன. சோழரோடு உறவும் அறவில்லை. உதவி கேட்டுவந்த ஒருவனுக்காக வீரராஜேந்திரன் 1068 வாக்கில் கடாரத்தை வென்று அவனிடமே கொடுத்தான். முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1090இல், கடாரத்தரையனின் தூதர்கள் ராஜவித்தியாதரனும் அபிமானோத்துங்கனும் வந்து கேட்டபடி நாகப்பட்டின விகாரையின் ஊர்களுக்கு வரிச்சலுகை அளிக்கப்பட்டது.

அரசர்கள் சண்டையிட்டும் சமாதானம் செய்தும் கொண்டிருந்தபோது வணிகக் குழுக்கள் அந்தக் கரையில் நிலையாகத் தங்கின. தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டிலேயே ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் வைத்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. சுமத்திராவின் மேற்குக் கரையில் கற்பூரத்துக்குப் பேர்போன பாரூசில், லோபு துவா என்ற இடத்தில், சக ஆண்டு 1010இல், அதாவது 1088இல், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் நாட்டிய தமிழ்க் கல் கிடைத்தது. வரும் கப்பலின் தலைவன் கத்தூரி விலையைக் கணக்காகக் கொண்டு பொன் செலுத்திய பிறகே இறங்க வேண்டும் என்று அது விதிக்கிறது. வேற்று நாட்டுத் துறையில் சுங்கம் விதிக்கும் அளவுக்கு ஒரு வணிகக் குழு வளர்ந்திருந்தது என்பது 1025இன் வெற்றிப் பட்டியலைவிட ஸ்ரீவிஜயத்தின் நிலையைத் தெளிவாகச் சொல்கிறது. சீனக் கப்பல்கள் தாமே நேரடியாக எல்லாத் துறைகளுக்கும் வரத் தொடங்கியதும் இடைத்தரகு அரசின் பிடி மேலும் தளர்ந்தது. ஜாவ் ருகுவா 1225இல் சான்ஃபோச்சிக்கு 15 சிற்றரசுகளை எழுதினாலும் அவை தனித்தனியே நடந்துகொண்டன. அந்தப் பட்டியலில் உள்ள தாம்பிரலிங்கத்தின் (மெய்க்கீர்த்தி சொல்லும் மாதமாலிங்கம்) அரசன் சந்திரபானு 1247இல் தன்னிச்சையாக இலங்கைமேல் படையெடுத்தான். 1275இல் சாவகத்தின், அதாவது ஜாவாவின், சிங்கசாரி அரசு மலாயு மேல் படை அனுப்பியது. அடுத்த நூற்றாண்டில் அங்கே எழுந்த மஜபாகித் அரசு பாலெம்பாங்கை அடக்கியது. பாலெம்பாங்கிலிருந்து வெளியேறிய பரமேசுவரன் என்ற இளவரசன் 1400 வாக்கில் நிறுவிய மலாக்கா, காற்றுக்குக் காத்திருக்கும் பழைய தொழிலை எடுத்துக்கொண்டது.

மலாக்காவோடு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமான தொடர்பு ஏற்பட்டது. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பொன்னேரி வட்டத்தில் உள்ள பழவேற்காடு விஜயநகர ஆட்சியில் பெரிய துறைமுகம். 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அங்கே செல்வாக்கோடு இருந்த தமிழ், தெலுங்கு வணிகர்களின் சரக்கில் பழவேற்காட்டுச் சாயத் துணிகள் முக்கியமானவை. கிழக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கப் பணத்தைவிடத் துணியே செல்லுபடியானது. அதே கணக்கில் டச்சுக்காரர்கள் வந்து 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடமாக இருந்த பழவேற்காடு 1690இல் அந்த இடத்தை நாகப்பட்டினத்துக்கு விட்டுக்கொடுத்தது. சூளாமணிவர்ம விகாரையின் எஞ்சிய கோபுரம் அப்போதும் அங்கே கடலோடிகளுக்கு அடையாளமாக நின்றுகொண்டிருந்தது; 1867இல்தான் அது இடிக்கப்பட்டது. விகாரைக்கு ராஜராஜனும் குலோத்துங்கனும் கொடுத்த செப்பேடுகள் டச்சுக்காரர் வழியாக நெதர்லாந்து போய், லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்றே வரலாற்று நூல்களில் பெயர் பெற்றன. திருவாலங்காட்டு ஏடுகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன.